பாதி வளையல்

மே 24, 2025, சனி

கழுத்தில் ஒட்டியிருந்த பஞ்சை எடுத்துவிட்டேன். ஊசி போன இடத்தில் கடுகளவு கறுப்புப் புள்ளி. பத்து நாளில் தெரியும் என்றார்கள். விடுமுறை நாட்களையும் சேர்த்தா என்று கேட்காமல் வந்துவிட்டேன். கேட்க வேண்டிய எல்லாவற்றையும் படியிறங்கிய பிறகுதான் நினைத்துக்கொள்கிறேன்.

இரவு வானம் தெளிவு. இல்லை.

மே 25, ஞாயிறு

இந்த 'இல்லை'யைப் பற்றி எழுதிவைக்க வேண்டும். பத்து வருடம் கழித்து இந்த நோட்டைப் புரட்டினால் எனக்கே புரியாது.

சுவாதியிலிருந்து கிழக்கே கொஞ்சம் நகர்ந்தால் உடைந்த வளையலின் பாதி போல ஏழு விண்மீன்கள். வடமகுடம் என்று பெயர். என் கண்ணுக்கு வளையல்தான். அந்த வளையலின் கிழக்கு முனைக்கு அருகே, சற்றே வெளியில், ஒன்றுமே இல்லாத ஓர் இடம். அந்த ஒன்றுமில்லாததைத்தான் சென்ற ஆண்டிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அங்கே இருப்பது ஒன்றல்ல, இரண்டு. உப்பிப்போன கிழட்டுச் சிவப்பு விண்மீன் ஒன்று, அதன் பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொள்ளும் வெண்குள்ளன் ஒன்று; எரிந்து முடிந்து சுருங்கிப்போன விண்மீன் அது. உறிஞ்சிய ஹைட்ரஜன் மேலே படிந்து படிந்து, தாங்க முடியாத அளவை எட்டியதும் ஒரே வெடிப்பு. 1866இல் வெடித்தது. 1946இல் மறுபடி. எண்பது வருடக் கணக்கு. இப்போது அதன் ஒளித்தரம் பத்து (எண் குறையக் குறைய ஒளி கூடும்); என் பைனாகுலருக்கு எட்டாது. வெடித்தால் இரண்டு. ஏறத்தாழ 1,600 மடங்கு. சில மணி நேரத்தில் ஏறி, வெறுங்கண்ணுக்குச் சில நாட்கள் தெரிந்து, மங்கிவிடும். 2024 செப்டம்பருக்குள் என்றார்கள். செப்டம்பர் போய், அதற்குப் பின் வந்த மாதங்களும் போய்விட்டன.

ஆகவே 'இல்லை' என்பது சோம்பல் அல்ல. பார்த்தேன், இல்லை.

மே 26

மேகம். வீட்டில் எல்லா அலமாரிகளையும் துடைத்தேன். ஒரு முறை போதவில்லை என்று மறுபடியும்.

மே 28, புதன்

எதிர்வீட்டுப் பையன் சதுரங்கப் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தான். புதிதாக ஒரு விதி கற்றிருக்கிறான்: சிப்பாய் இரண்டு கட்டம் தாவிப் பக்கத்தில் வந்து நின்றால், அது ஒரு கட்டம்தான் நகர்ந்தது போலப் பாவித்து வெட்டலாம். ஆனால் உடனே, அடுத்த நகர்த்தலிலேயே வெட்ட வேண்டும். ஒரு நகர்த்தல் தள்ளிப்போட்டால் அந்த உரிமை போய்விடும். நான்கு ஆட்டத்திலும் அந்த ஒரு வெட்டுக்காகவே விளையாடினான். மூன்றில் ஜெயித்தான். நான் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அத்தை, யாராவது கூப்பிடுவார்களா?"

"இல்லை, மணி பார்த்தேன்."

"சுவரில் கடிகாரம் இருக்கிறதே."

எட்டு வயதுப் பிள்ளைகளிடம் பொய் சொல்வதற்குப் பயிற்சி வேண்டும்.

மே 30

அக்கா கூப்பிட்டாள். நாற்பது நிமிடம் பேசினோம். சொல்லவில்லை.

ஜூன் 1, ஞாயிறு

பைனாகுலரைத் துடைத்தேன். பத்துக்கு ஐம்பது: பத்து மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி ஐம்பது மில்லிமீட்டர். ஒன்றை இன்னொன்றால் வகுத்தால் ஐந்து. கண்ணுக்குள் வரும் ஒளிக்கற்றையின் அகலம் அது. இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தவளுடைய பைனாகுலர் இது. அவளுடையதுகூட அல்ல, அவள் அப்பாவுடையது. வாரில் அவர் பெயர் எழுதிய துணிப் பட்டை இன்னும் இருக்கிறது. பாதி எழுத்து அழிந்துவிட்டது. ஒரு வாரத்துக்கு என்று வாங்கி வந்தேன். இரண்டு வருடம் ஆகிறது.

அவர் இறந்தபோது நான் போகவில்லை. போகவில்லை என்பது மட்டும்தான் உண்மை. காரணங்களெல்லாம் பிற்பாடு தேடிச் சேர்த்தவை. அவற்றில் ஒன்றிரண்டு நன்றாகவே இருக்கின்றன.

அவளுக்கு ஒரு செய்தி எழுதினேன். "உன் பைனாகுலர் என்னிடம் இருக்கிறது." படித்துப் பார்த்தால் மிரட்டல் கடிதம் போலிருந்தது. அழித்தேன். "நலமா?" என்று எழுதினேன். அதையும் அழித்தேன். மூன்றாவதாக என்ன எழுதினேன் என்பதை இங்கே குறிக்கப் போவதில்லை. அனுப்பிவிட்டேன்.

இல்லை.

ஜூன் 3, செவ்வாய்

பத்தாம் நாள். மதியம் கூப்பிட்டார்கள். கை நடுங்கவில்லை, அதை நானே வியந்து கவனித்தேன். "எடுத்த மாதிரி போதவில்லை, மறுபடி வர வேண்டும்." அவ்வளவுதான். நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. பத்து நாளாக நான் உட்கார்ந்து காத்திருந்தது வெறும் கண்ணாடித் தகடுகளுக்காக. அந்தப் பெண்ணின் குரலில் எந்த வருத்தமும் இல்லை, இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆனாலும் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம் கடைசியில் குக்கர் மூடிமேல் இறங்கியது. மூடி நசுங்கிவிட்டது. இனி சரியாகப் பொருந்தாது.

ஜூன் 5

இந்த முறை மூன்று இடத்தில் குத்தினார்கள். "விழுங்காதீர்கள்" என்றார்கள். அப்படிச் சொன்ன மறுநொடியே தொண்டை முழுக்க எச்சில்.

அண்ணாந்து பார்க்க முடியவில்லை. மாடியில் பாயை விரித்து மல்லாந்து படுத்தேன். உண்மையில் இதுதான் சரியான முறை. கை ஆடாது, கழுத்து நோகாது. ஊசி குத்திக்கொண்டுதான் இதைக் கற்க வேண்டியிருந்தது.

இல்லை.

ஜூன் 6

பதில் வந்தது. "ஞாயிறு வருகிறேன்." முற்றுப்புள்ளி வைத்து எழுதுகிறாள் இன்னும்.

ஜூன் 8, ஞாயிறு

வந்தாள். முடி பாதிக்கு மேல் நரைத்திருக்கிறது. சாயம் பூசுவதை விட்டுவிட்டாளாம். வாசலில் இருவரும் செருப்பைப் பற்றி ஏதோ பேசினோம். எங்கே விடுவது, வெயில் படுமா, இப்படி. இரண்டு வருடம் பேசாதவர்கள் பேச வேண்டியது செருப்பைப் பற்றித்தான் போல.

பைனாகுலரை எடுத்துக் கொடுத்தேன். வாங்கி, வாரைத் தடவிப் பார்த்து, மேசைமேல் வைத்தாள். அப்பாவைப் பற்றிப் பேசவில்லை. என் கழுத்தைப் பார்த்தாள். நான் துப்பட்டாவைச் சரிசெய்தேன். அவள் பார்த்ததை நான் பார்த்தேன் என்பது அவளுக்கும் தெரியும். பிறகு வளையலைப் பற்றிக் கேட்டாள். "இன்னும் வெடிக்கவில்லையா?" அவளும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். அவளுடைய மாடியிலிருந்து, வெறுங்கண்ணால்.

எங்கள் இருவருக்கும் பிடித்த பழைய கதையை மறுபடி சொன்னாள். அமெரிக்காவில் லெஸ்லி பெல்டியர் என்று ஒருவர், அந்த விண்மீனை இருபத்தைந்து வருடத்துக்கு மேல் விடாமல் கண்காணித்தார். 1946 பிப்ரவரியில் ஓர் அதிகாலை, பார்ப்பதற்கென்றே அலாரம் வைத்து எழுந்தார். தொண்டை கரகரப்பு, சளி பிடிக்கும் போலிருந்தது. திரும்பப் போய்ப் படுத்துவிட்டார். அன்றுதான் வெடித்தது. முன்பெல்லாம் இந்தக் கதையில் சிரிக்கும் இடம் ஒன்று உண்டு. அந்த இடம் வந்தது, இருவரும் சிரிக்கவில்லை.

போகும்போது பைனாகுலரை மேசைமேலேயே விட்டுவிட்டுப் போனாள். மறந்தாளா, வேண்டுமென்றா? கூப்பிட்டுக் கேட்கவில்லை.

ஜூன் 11

பௌர்ணமி. எதுவும் தெரியாத வெளிச்சம். குறுக்கெழுத்தில் பதினான்கு கட்டம் மிச்சம். 'முடிவு' என்று பொருள்படும் நான்கெழுத்துச் சொல். இறுதி மூன்றெழுத்துதான்.

ஜூன் 13, வெள்ளி

கூப்பிடவில்லை. நானே கூப்பிட்டேன். திங்கள் என்றார்கள்.

ஜூன் 16, திங்கள்

வியாழன் என்றார்கள்.

ஜூன் 17

எதிர்வீட்டுப் பையனை மாடிக்கு அழைத்துப்போய் செவ்வாயையும் மகத்தையும் காட்டினேன். மேற்கே, ஒட்டி நின்றன. இடைவெளி ஒரு பாகைக்கும் குறைவு. நிலாவை வைத்தால் ஒன்றரை நிலாதான் கொள்ளும். ஒளி ஏறத்தாழச் சமம், நிறம் மட்டும் வேறு: ஒன்று செம்மண், ஒன்று நீலம் கலந்த வெள்ளை. "எது கிட்ட இருக்கிறது அத்தை?" செவ்வாய்தான், அது நம் பக்கத்துக் கோள் என்றேன். "பக்கத்தில் இருப்பது ஏன் பெரிதாகத் தெரியவில்லை?" நல்ல கேள்வி. பதில் சொன்னேன். அவன் ஒப்புக்கொள்ளவில்லை.

வளையல் பக்கமும் திருப்பினேன். வழக்கம்போல.

ஜூன் 19, வியாழன்

மருத்துவர் விடுப்பில். அறிக்கை வந்துவிட்டதாம். அவர் வந்துதான் சொல்ல வேண்டுமாம். அந்தக் காகிதம் ஒரு மேசை இழுப்பறைக்குள் இருக்கிறது. அதில் எழுதியிருப்பது இனி மாறாது. நான் மட்டும்தான் அதற்கு வெளியே நிற்கிறேன்.

அவளிடம் சொல்லிவிட்டேன். தொலைபேசியில்தான். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த விண்மீன் மூவாயிரம் ஒளியாண்டு தூரம். வெடித்தே முடிந்திருக்கும், நமக்குத்தான் இன்னும் தெரியாது. அது போலத்தான்" என்றாள். எரிச்சலாக வந்தது. எல்லாவற்றையும் உவமையாக்கும் பழக்கம் அவளுக்குக் கல்லூரியிலிருந்தே உண்டு. "உவமை வேண்டாம்" என்றேன். "சரி, வேண்டாம். திங்கட்கிழமை உன்னோடு வருகிறேன்" என்றாள். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

ஜூன் 21, சனி

தூங்க முடியாததால் எழுதுகிறேன். மணி மூன்று.

மாலை ஐந்து மணிக்கு வந்து நின்றாள். "கிளம்பு, ஓநாயில் ஒன்று வந்திருக்கிறது." ஒன்றும் புரியவில்லை. நாங்கள் வளையலையே முறைத்துக்கொண்டிருந்த நாட்களில், தெற்கே ஓநாய் மண்டலத்தில், யாருடைய பட்டியலிலும் இல்லாத ஒரு விண்மீன் வெடித்திருக்கிறது! ஜூன் 12இல் தானியங்கிக் கண்காணிப்பில் அகப்பட்டதாம், அப்போது ஒளித்தரம் 8.7. இப்போது வெறுங்கண் எட்டும் விளிம்புக்கு வந்துவிட்டது. 12ஆம் தேதி நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று நோட்டைப் புரட்டினேன். அன்று எழுதவே இல்லை.

பஸ் பிடித்து, கடைசி நிறுத்தத்தில் இறங்கி, விளக்கில்லாத மண்பாதையில் அரை மணி நேரம் நடந்தோம். நாய் ஒன்று நாங்கள் யார் என்று கேட்டுக்கொண்டே பின்னால் வந்தது. பாலச்சுவரில் உட்கார்ந்தோம். கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடமாவது வேண்டும். அதுவரை தொலைபேசியைத் தொடக் கூடாது என்று இரண்டு கருவிகளையும் அவள் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். மூன்று வாரத்தில் முதல் முறையாக அது என் கையில் இல்லை. கை என்ன செய்வதென்று தெரியாமல் சுவர்ப் பாசியைச் சுரண்டிக்கொண்டிருந்தது.

நேராக உற்றுப் பார்த்தால் மறைகிறது. சற்று விலகி, கடைக்கண்ணால் பார்த்தால் தெரிகிறது. மங்கலான ஒளியை வாங்கும் செல்கள் விழித்திரையின் நடுவில் இல்லை, ஓரத்தில்தான் நெருக்கம் என்பது காரணம். பைனாகுலரில் தெளிவாகவே இருந்தது. சின்னது. பக்கத்து விண்மீன்களிலிருந்து தனியாகத் தெரிய ஒரு அடையாளமும் இல்லை. வரைபடம் இல்லையென்றால் தாண்டிப் போயிருப்பேன். "இவ்வளவுதானா?" என்றேன். "இவ்வளவுதான்" என்றாள். மாறி மாறிப் பார்த்தோம். வாரை அவள் கழுத்தில் போட்டுக்கொண்டாள், எனக்குத் தரும்போதெல்லாம் கழற்றினாள். என் கழுத்தில் போடவில்லை.

திரும்பி நடக்கும்போதுதான் கேட்டாள், இருட்டிலேயே, என் முகத்தைப் பார்க்காமல். "அன்றைக்கு ஏன் வரவில்லை?" சேர்த்து வைத்திருந்த காரணங்களில் நல்லதை எடுத்தேன். வாய் வரை வந்தது. "பயம்" என்றேன். என்ன பயம் என்று அவள் கேட்கவில்லை. நாய் இன்னும் பின்னால் வந்துகொண்டிருந்தது.

ஜூன் 22

நாளை பத்தரைக்கு. அக்காவிடம் இரவு சொன்னேன். முதலில் திட்டினாள், பிறகு அழுதாள், பிறகு என்ன புடவை கட்டிக்கொண்டு போகிறாய் என்று கேட்டாள்.

மாடிக்குப் போனேன். பையன் முன்பே அங்கே மல்லாந்து படுத்திருந்தான், என் பாயில். "அத்தை, நான் பார்த்துவிட்டேன், இல்லை" என்றான். நானும் ஒருமுறை பார்த்தேன்.

ஜூன் 23, திங்கள்

ஒன்பது மணி. வாசலில் அவள் வந்து நிற்கும் சத்தம். செருப்பை எங்கே விடுவது என்று