லேபிள் அச்சிடும் ‘வைரஸ்’

“ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு நிறுவுங்கள், ஒன்றும் ஆகாது.” மென்பொருள் எழுதிப் பிழைக்கும் எங்களில் பலர் வாடிக்கையாளரிடம் கூசாமல் சொல்வது இது. கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சிங்கப்பூரின் துவாஸில் ஒரு சரக்குக் கிடங்குக்கு எங்கள் அலுவலகம் சிறிய நிரல் ஒன்றைச் செய்து கொடுத்திருந்தது. எக்செல் கோப்பைப் படிக்கும், பார்கோடு லேபிள் அச்சிடும். அதற்கு மேல் அதற்கு ஒன்றும் தெரியாது. புதிய பதிப்பை அனுப்பிய மறுநாள் காலை, கிடங்கு அலுவலகத்து அக்காவிடமிருந்து போன். “தம்பி, நீங்கள் அனுப்பியது வைரஸாமே! சிவப்பாக ஏதோ வந்தது, கோப்பையே காணோம். வெளியே லாரிகள் நிற்கின்றன.”

திரையைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னேன். ட்ரோஜன் (நல்ல நிரல்போல் வேடமிட்டு நுழைவது) என்று தொடங்கிய நீண்ட பெயரின் வாலில் ‘எம்எல்’ என்று இருந்தது. அதாவது, ஆன்டிவைரஸின் இயந்திரக் கற்றல் (மெஷின் லேர்னிங்), வைரஸின் சாயல் தெரிகிறது என்று செய்த ஊகம்.

ஊகத்துக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. பைதான் மொழியில் எழுதியதைப் பைஇன்ஸ்டாலர் என்ற கருவி கொண்டு, சொடுக்கினால் இயங்கும் ஒற்றை இஎக்ஸ்இ கோப்பாகக் கட்டியிருந்தோம். அது இயங்கத் தொடங்கியதும் தற்காலிக ஃபோல்டர் ஒன்றில் தன்னைப் பிரித்துப் போட்டுக்கொண்டு ஓடும். வைரஸ் எழுதுபவர்களும் இதே கருவியைப் பயன்படுத்துகிறார்கள். கோப்புகளின் தொடக்கப் பகுதியும் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். திருடன் சட்டை வாங்கிய கடையிலேயே நாமும் வாங்கினால் போலீஸ்காரர் உற்றுப் பார்க்கத்தான் செய்வார். போதாக்குறைக்கு, நேற்றுப் பிறந்த கோப்பு. அதற்கு நற்பெயர் சேர நேரமே இல்லை.

பெரிய நிறுவனங்களின் கோப்புகளும் இந்தப் பொய் எச்சரிக்கைக்குத் தப்புவதில்லை. 2010 ஏப்ரலில் மெக்காஃபி ஆன்டிவைரஸ், விண்டோஸ் எக்ஸ்பியின் சொந்தக் கோப்பையே பிடித்துக் கணினிகளை முடக்கியது. 2012இல் சோஃபோஸ் என்ற இன்னொரு ஆன்டிவைரஸ், தன்னைப் புதுப்பிக்கும் அப்டேட்டரையே வைரஸ் என்றது. (சிரிக்காமல் எப்படி இருப்பது?)

“ஃபோல்டரை ஆன்டிவைரஸ் சோதிக்காத விலக்குப் பட்டியலில் சேர்க்கச் சொல்லிவிடு, ஐந்து நிமிட வேலை” என்றார் எங்கள் சீனியர் அண்ணன். நான் ஒப்பவில்லை. 2023 மார்ச்சில் 3சிஎக்ஸ் தொலைபேசிச் செயலியை ஆன்டிவைரஸ் பிடித்தபோது, பொய் எச்சரிக்கைதான் என்று பலர் எண்ணினார்கள். உண்மையில், ‘இது எங்களுடையதுதான்’ என்று நிறுவனம் முறையாக இட்ட டிஜிட்டல் கையொப்பத்தோடு வந்த அந்தச் செயலிக்குள் தாக்குதல்காரர்கள் புகுந்திருந்தார்கள். சிவப்புக் கட்டத்தைக் கண்டால் ‘அனுமதி’யை அழுத்தலாம் என்று அந்த அக்காவுக்கு நாம் ஒரு முறை கற்றுக்கொடுத்தால், நாளை போலி இன்வாய்ஸ் வரும்போதும் அதையேதான் அழுத்துவார்.

அன்றைக்குப் பழைய பதிப்பை வைத்து லாரிகளை அனுப்பினார்கள். நாங்கள் ஒற்றைக் கோப்பைக் கைவிட்டு ஃபோல்டராகக் கட்டினோம், கையொப்பச் சான்றிதழ் வாங்கினோம், ஆன்டிவைரஸ் நிறுவனத்துக்கு மாதிரியை அனுப்பி மறுஆய்வு கேட்டோம். வைரஸ் என்ற பெயரை நீக்கிவிட்டார்கள். அடுத்த பதிப்பை வேறொரு ஆன்டிவைரஸ் பிடித்தது, அதற்கும் அனுப்பினோம்.

இப்போதெல்லாம் புதிய பதிப்பு போனால், நிறுவுவதற்கு முன் அக்கா போன் செய்து, “நீங்கள் அனுப்பியதுதானே?” என்று கேட்டுவிடுகிறார். அண்ணனுக்கு அது தொல்லை. நான் வேலையை நிறுத்திவிட்டு எடுத்துப் பேசுகிறேன்.