எர்த் அறுந்த பின்னும் எரிந்த பச்சை விளக்கு: வயரிங் பிழையைக் கண்டறியும் கருவியைச் செய்து பார்த்த அனுபவம்

சாக்கெட்டில் செருகியவுடன் ஃபேஸ், நியூட்ரல், எர்த் ஆகிய மூன்றும் முறையாக இணைக்கப்பட்டுள்ளனவா என்று சொல்லும் சிறு கருவி ஒன்றைச் செய்யத் தொடங்கியபோது, இரண்டு மின்னழுத்த உணரிகளே போதும் என்று எண்ணியிருந்தேன். ஒன்று ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே, மற்றொன்று ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே. ஆனால் எர்த் அறுந்திருந்தாலும், ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தாலும் முதல் உணரி வேலை செய்யும், இரண்டாவது அணைந்திருக்கும். இரண்டு பிழைகளையும் பிரித்தறிய, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மூன்றாவது உணரி தேவைப்பட்டது.

உணரி ஒவ்வொன்றும் எச்11ஏஏ1 என்ற ஆப்டோகப்ளர்தான்; அதாவது, இரு பக்கங்களையும் மின்னால் இணைக்காமல் ஒளியால் மட்டும் தகவலைக் கடத்தும் சில்லு. அதனுள் இரண்டு எல்.இ.டி.கள் எதிரெதிர்த் திசையில் இருப்பதால் மாறுமின்னோட்டத்தின் இரு அரைச்சுற்றுகளையும் அது உணரும். 230 வோல்ட்டின் உச்ச அளவு 325 வோல்ட் என்பதால், அந்த அழுத்தம் முழுவதையும் ஒரே மின்தடையின் மீது சுமத்தாமல், 100 கிலோ ஓம் மதிப்புள்ள அரை வாட் மின்தடைகள் இரண்டைத் தொடராக வைத்தேன். ஓடும் மின்னோட்டம் ஏறத்தாழ 1.15 மில்லி ஆம்பியர். எர்த் வழியே இவ்வளவு கசிந்தாலும், கசிவைக் கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. விழாது. பலகையில் மின்சாரப் பக்கத்துக்கும், நிரலை இயக்கும் சில்லான மைக்ரோகன்ட்ரோலர் இருக்கும் பக்கத்துக்கும் இடையே 6 மில்லிமீட்டருக்குக் குறையாத இடைவெளி விட்டேன்.

பிழைகளை எடுத்தவுடன் 230 வோல்ட்டில் உண்டாக்கிப் பார்ப்பது தேவையற்ற ஆபத்து. அதனால் 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரின் ஒரு முனையை ஃபேஸாகவும், மறு முனையை நியூட்ரலாகவும் எர்த்தாகவும் வைத்து, மின்தடைகளை 10 கிலோ ஓமாகக் குறைத்து, சுவிட்சுகளைக் கொண்டு ஒவ்வொரு பிழையையும் உருவாக்கினேன்.

எர்த் சுவிட்சைத் திறந்தபோது மூன்று உணரிகளும் வேலை செய்தன. ‘ஃபேஸ்–எர்த் உணரி வேலை செய்தால் எர்த் இருக்கிறது’ என்று முன்பு எழுதிய நிரல்வரி அப்படியே இருந்ததால், எர்த்தே இல்லாத சாக்கெட்டுக்குக் கருவி ‘எல்லாம் சரி’ என்ற பச்சை விளக்கைக் காட்டியது. இதைப் பார்த்து உண்மையிலேயே அஞ்சினேன். காரணம் நான் சேர்த்த மூன்றாவது உணரிதான்: எங்கும் இணையாமல் தொங்கும் எர்த் முனையை ஒரு சம மின்தடை ஃபேஸை நோக்கியும் இன்னொன்று நியூட்ரலை நோக்கியும் இழுப்பதால், அது நடுவில் போய் நிற்கிறது. 230 வோல்ட்டில் அது 115 வோல்ட். இரைச்சல் வடிகட்டியின் மின்தேக்கிகள் உள்ள சாதனம் ஒன்றைச் செருகி வைத்திருந்தால், என் கருவி இல்லாமலேயே இதே நிலை உண்டாகும். எர்த் அறுந்த கணினியின் உலோக உடலைத் தொடும்போது சுருக்கென்று உணர்வதும் இதனால்தான்.

ஆகவே மின்னழுத்தம் இருக்கிறதா என்று கேட்பதை விட்டுவிட்டு, எவ்வளவு இருக்கிறது என்று கேட்க வேண்டியிருந்தது. அதற்குப் புதிய பாகம் எதுவும் வாங்க வேண்டியிருக்கவில்லை. மின்னழுத்தம் பூச்சியத்தைக் கடக்கும் வேளையில் ஆப்டோகப்ளர் சிறிது நேரம் அணைகிறது. அழுத்தம் குறையக் குறைய அந்த இடைவெளி நீள்கிறது. என் சுற்று சுமார் 50 வோல்ட்டில் விழித்துக்கொள்வதால், 230 வோல்ட்டில் இடைவெளி ஏறத்தாழ 1 மில்லி நொடியாகவும், 115 வோல்ட்டில் 2 மில்லி நொடியாகவும் வர வேண்டும். கருவியின் சொந்த வயரில் எர்த் இழைக்கு மட்டும் ஒரு சுவிட்ச் வைத்து 230 வோல்ட்டில் சோதித்தபோது, இடைவெளி கணக்குக்கு மிக அருகிலேயே வந்தது. இப்போது ஃபேஸ்–நியூட்ரல், ஃபேஸ்–எர்த், நியூட்ரல்–எர்த் என்ற வரிசையில் ‘முழு, பாதி, பாதி’ என்று வந்தால் எர்த் அறுந்துள்ளது என்று கருவி தயங்காமல் சொல்கிறது.

நியூட்ரல் அறுந்த நிலை இதைவிடச் சிக்கலானது. வேறு சுமை இல்லாதபோது ஃபேஸ்–எர்த் இடையே முழு அழுத்தமும் மற்ற இரண்டிலும் பாதியும் வருகின்றன. அறுந்த இடத்துக்கு அப்பால் 60 வாட் குண்டு பல்பு ஒன்றை இணைத்தவுடன் அதன் இழை நியூட்ரலை ஃபேஸோடு சேர்த்துவிட, ஃபேஸ்–நியூட்ரல் இடையே ஒன்றுமில்லை, மற்ற இரண்டிலும் முழு அழுத்தம். பல்பு எரியாது; ஆனால் அதன் இரு முனைகளிலும் மின்சாரம் இருக்கும். 12 வோல்ட் மாதிரியில் ஃபேஸையும் எர்த்தையும் இடம் மாற்றியபோதும் அச்சு அசலாக இதே வரிசைதான் வந்தது. முதலாவதில் ஃபேஸ், நியூட்ரல் துளைகள் இரண்டிலும் மின்சாரம் இருக்கிறது, எர்த் பாதுகாப்பானது. இரண்டாவதில் எர்த்திலேயே மின்சாரம் இருக்கிறது. முனைகளுக்கு இடையிலான வேறுபாட்டை மட்டும் அளக்கும் கருவியால் இவ்விரண்டையும் பிரிக்க இயலாது என்பதை ஏற்றுக்கொண்டு, இந்த வரிசை வந்தால் மற்றச் சாதனங்களைக் கழற்றச் சொல்லும் அறிவிப்பைச் சேர்த்தேன். கழற்றிய பின் அளவுகள் பாதியாக மாறினால் நியூட்ரல் அறுந்துள்ளது; மாறாவிட்டால் எர்த்தில் ஃபேஸ் இருக்கிறது என்றே கொண்டு, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் அடுத்த வேலையைத் தொடங்க வேண்டும்.

நியூட்ரலும் எர்த்தும் தமக்குள் இடம் மாறிய பிழையை இந்தச் சுற்று காட்டாது. இரண்டும் ஏறக்குறைய ஒரே அழுத்தத்தில் இருக்கின்றன. கருவிப் பெட்டியின் மேல் அந்த வரம்பை எழுதி ஒட்டியிருக்கிறேன்.