காய்கறிக் கணக்கு எழுதும் சி நிரல்: மூன்றாவது வாரம்

அம்மா சந்தையிலிருந்து வந்ததும் ஒவ்வொரு காயின் பெயரையும் விலையையும் கேட்டு, ஒரு கோப்பில் எழுதி வைக்க வேண்டும். சி என்ற நிரல்மொழியைக் கற்கத் தொடங்கியதிலிருந்து இந்த ஒரே நிரலைத்தான் லினக்ஸில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முதல் வாரம், தட்டுவதைப் படித்துத் தரும் ஸ்கேன்எஃப்போடு போனது. அதில் விலையை வாங்கிவிட்டு, அடுத்த பெயரை, ஒரு வரியைப் படிக்கும் எஃப்கெட்ஸில் கேட்டால் நிற்காமல் தாண்டி ஓடியது. எண்ணுக்குப் பின் தட்டிய எண்டர் உள்ளீட்டிலேயே தங்கிவிடுகிறது; எஃப்கெட்ஸ் அதை வெற்று வரியாக எடுத்துக்கொள்கிறது. சரி என்று எல்லாவற்றையும் எஃப்கெட்ஸில் வரி வரியாக வாங்கி, விலையை மட்டும் ஸ்ட்ர்டோல் கொண்டு எண்ணாக்கினேன். வரி படிக்கப் பழைய பாடங்களில் வரும் கெட்ஸ் பக்கம் போகவே போகாதீர்கள். படித்ததை வைக்க இடம் எவ்வளவு என்று அதற்குச் சொல்ல வழியே கிடையாது. 2011 தரத்தில் மொழியிலிருந்தே அதை எடுத்துவிட்டார்கள்.

அப்புறம் கோப்பு. கோப்பைத் திறக்கும் எஃப்ஓப்பனுக்கு 'டபிள்யூ' கொடுத்திருந்தேன். அது பழையதைத் துடைத்துவிட்டுத்தான் திறக்கும். நான்கு நாள் கணக்கு போய்விட்டது. 'ஏ' என்று மாற்றியதும் கடைசியில் சேர்க்கத் தொடங்கியது.

இந்த வாரம்தான் பெயர்களைத் தமிழில் தட்டினேன். 'பூண்டு' ஒழுங்காக ஏறியது. 'முருங்கைக்காய்' என்றதும், விலை கேட்டுக் காத்திருக்காமல் 0 என்று எழுதிவிட்டது. கோப்பில் 'முருங்', அதன் பின்னால் ஒரு உடைந்த குறி.

காகிதத்தில் எண்ணிப் பார்த்த பிறகே புரிந்தது. எழுத்துகளைப் பைட்டுகளாக வைக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். புள்ளியும் துணைக்காலும்கூடத் தனித்தனிக் குறிகள். பூண்டு 6 குறி, 18 பைட், எண்டரோடு 19. முருங்கைக்காய் 14 குறி, 42 பைட். பெயரை வைக்கும் என் அரேயில் (வரிசையாக உள்ள இடத்தில்) 20 பைட்தான். எஃப்கெட்ஸ் கடைசி இடத்தை, சொல் முடிந்ததைக் காட்டும் சுழியத்துக்கு ஒதுக்கிவிட்டு 19 பைட் மட்டுமே படிக்கும். அதனால் 'முருங்' வரைக்கும் வந்து, அடுத்த 'க'வில் ஒரே ஒரு பைட்டை எடுத்திருக்கிறது. மிச்சமெல்லாம் விலையின் இடத்துக்குப் போயிருக்கிறது. எண்ணே இல்லாத வரிக்கு ஸ்ட்ர்டோல் தருவது 0.

அரேயை 200 ஆக்கினேன். அது மட்டும் போதாது. வரியில் எண்டர் வந்திருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் வரி முடியும்வரை மிச்சத்தைப் படித்துத் தள்ளிவிட்டு, பெயரை மறுபடி கேட்கிறேன். விலையில் ஓர் இலக்கமாவது இருந்ததா என்பதை, எண் எங்கே முடிந்தது என்று காட்டும் ஸ்ட்ர்டோலின் இரண்டாவது சுட்டி சொல்லிவிடுகிறது.

இன்று காலை முருங்கைக்காய் முழுசாக, 40 ரூபாயோடு ஏறியது. அடுத்து, விலையில் பைசா.