215 நிமிடம் எங்கே போகிறது?

சிட்னியில் முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு வேலை செய்கிறேன். அரசாங்கம்தான் இவ்வளவு காசு கொடுக்கிறதே, பிறகும் என்ன குறை என்று உறவினர்கள் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு அம்மாவின் ஞாபகம்தான் வரும். அவருக்கு விழுங்குவது கஷ்டம். தேநீரில்கூட கெட்டியாக்கும் மாவைக் கலந்து, கரண்டி கரண்டியாகக் கொடுக்க வேண்டும். ஒரு வாய் கொடுத்து, தொண்டை அசைகிறதா என்று பார்த்து, வாயில் ஒன்றும் மிஞ்சவில்லை என்று தெரிந்த பிறகுதான் அடுத்த வாய், ஏனென்றால் அவசரப்பட்டால் சாப்பாடு நுரையீரலுக்குள் போய்விடும். காலைச் சாப்பாட்டுக்கு மட்டும் முக்கால் மணி நேரம். அதற்குள் பக்கத்து அறையில் மணி அடிக்கும்.

முதியோர் பராமரிப்பை விசாரித்த அரச ஆணைக்குழு 2019இல் தன் இடைக்கால அறிக்கைக்கு வைத்த தலைப்பு ஒரே சொல்: ‘புறக்கணிப்பு’. அதற்குப் பிறகு நல்லது நடந்தது, மறுக்க மாட்டேன். 2023இல் எங்கள் சம்பளம் 15 வீதம் கூடியது, 24 மணி நேரமும் பதிவுபெற்ற தாதி இருக்க வேண்டும் என்ற விதியும் வந்தது. 2024 ஒக்டோபரிலிருந்து ஒருவருக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 215 நிமிடப் பராமரிப்பு, அதில் 44 நிமிடம் தாதியுடையது. அதற்கேற்பத்தான் நிதியும் வருகிறது.

215 என்றால் நிறையப் போலத் தெரியும். ஆனால் குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, மருந்து, இரவில் புரட்டிப் படுக்க வைப்பது, குறிப்பு எழுதுவது எல்லாம் அதற்குள்தான். தூக்கும் இயந்திரத்தில் ஏற்ற இரண்டு பேர் வேண்டும், அப்போது 10 நிமிட வேலை 20 நிமிடமாகக் கணக்கில் ஏறும். நான் முன்பு இருந்த ஓர் இடத்தில் எங்களையே துணி மடிக்கவும் கோப்பை கழுவவும் விட்டார்கள். கழுவல் துடைப்பு பராமரிப்பு நிமிடத்தில் சேராது. ஆனால் பட்டியலில் எங்கள் வேலை நேரம் முழுக்கப் பராமரிப்பு என்றே போனது. எனக்குக் கோபம் வருவது இங்கேதான், அது அந்த அம்மாவின் வாய்க்குப் போக வேண்டிய நேரம்.

சரி, அம்மா அப்பாவை இல்லத்தில் விட்டிருப்பவர்களுக்கு ஒன்று. ஞாயிறு பின்னேரம் போகாதீர்கள், காலைச் சாப்பாட்டு நேரத்தில் போங்கள். எத்தனை பேருக்கு ஊட்ட வேண்டியிருக்கிறது, எத்தனை பேர் ஊட்டுகிறார்கள் என்று எண்ணுங்கள். கணக்கு இடித்தால் மேலாளரிடம் நேரே கேளுங்கள். அங்கே பதில் இல்லையென்றால் முதியோர் பராமரிப்புத் தர, பாதுகாப்பு ஆணைக்குழுவிடம் முறையிடலாம். பெயர் சொல்லத் தேவையில்லை, ஆங்கிலம் தயக்கமென்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகக் கேட்கலாம்.