281 ஓட்டும் தட்டி வைத்த தலைப்பும்

'அரசியல் விமர்சகர்' பட்டத்தை யார் தருகிறார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. டிவியில் பெயருக்குக் கீழே போட்டுவிட்டால் அதுதான் பட்டமளிப்பு விழா. அதற்கு முன்னால் ஈரோட்டில் 14 வருடம் பகுதி நேர நிருபராக ஓடினேன். மஞ்சள் விலை, விபத்து, குண்டம் திருவிழா. அச்சில் வந்தால் காசு, பெட்ரோல் நம் கணக்கு.

அரசியல் பித்து பிடித்தது 1996இல். சட்டமன்றத் தேர்தலில் எங்கள் ஈரோடு மாவட்டத்து மொடக்குறிச்சி தொகுதியில் 1,033 பேர் போட்டியிட்டார்கள். அதில் பெரும்பாலோர் தங்கள் குறையைக் கேட்க ஆளில்லை என்று மனுப் போட்ட விவசாயிகள். டெபாசிட் வெறும் 250 ரூபாய். வாக்குச்சீட்டு புத்தகமாகவே வந்தது. "சின்னத்தைத் தேடறக்குள்ள கண்ணாடி வேர்த்துப் போச்சு கண்ணு" என்றார் பெரியப்பா. அதே வருடம் சட்டத்தைத் திருத்தி, பொதுப் பிரிவினருக்கு டெபாசிட்டை 5,000 ஆக்கிவிட்டார்கள்.

அந்தத் தேர்தலில் வென்ற சுப்புலட்சுமி ஜெகதீசன் 2021இல் மறுபடி அங்கேயே நின்றார். முன்னாள் மத்திய இணையமைச்சர், பெரிய பெயர். ஓட்டு எண்ணிய மே 2 காலையிலேயே அவர் வெற்றி என்று செய்திக்குத் தலைப்பைத் தட்டி வைத்துவிட்டேன். பாஜகவின் சரஸ்வதி 281 ஓட்டில் ஜெயித்தார். "281ன்னா எத்தனை ஊடுன்னு எண்ணிப் பாத்தீங்களா தம்பி?" என்று டீக்கடையில் ஒருவர் கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை.

அப்புறம்தான் படிவம் 20ஐத் தேடினேன். எந்த வாக்குச்சாவடியில் யாருக்கு எத்தனை ஓட்டு என்பதெல்லாம் அதில் இருக்கும். இரண்டு ராத்திரி உட்கார்ந்து எக்செல்லில் ஏற்றினேன், கூட்டுத்தொகை உதைத்தது. தபால் ஓட்டு கடைசியில் தனி வரியாக இருப்பதை நான் சேர்க்கவே இல்லை. அடுத்த சிக்கல், படிவத்தில் சாவடி எண் மட்டும்தான் இருக்கும். எந்தத் தெரு என்பதற்கு வாக்குச்சாவடிப் பட்டியலைத் தனியாக எடுக்க வேண்டும். கொரோனாவால் ஆயிரம் வாக்காளருக்கு மேற்பட்ட சாவடிகளைப் பிரித்திருந்தார்கள். அதனால் 2016 எண்ணை 2021 எண்ணோடு அப்படியே ஒப்பிட்டால் மண்டை காய்ந்துவிடும். எனக்குக் காய்ந்தது.

2023இல் ஈரோடு கிழக்கு இடைத்தேர்தல், 77 வேட்பாளர்கள். சென்னையில் இருந்து வந்த சேனல்கள் லோக்கல் ஆள் தேடின. ஒரு விவாதத்தில் முதல் கேள்வியே எந்தச் சாதி ஓட்டு யாருக்கு என்பதுதான். சாதியே இல்லை என்று சொல்ல நான் முட்டாள் இல்லை. ஆனால் படிவத்தில் சாதிக்கென்று எந்தக் கட்டமும் கிடையாது. பக்கத்துப் பக்கத்துச் சாவடிகளே எப்படி வேறு வேறு மாதிரி ஓட்டுப் போட்டிருக்கின்றன என்று விளக்க ஆரம்பித்தேன். இரண்டாவது சாவடிக்குப் போவதற்குள் விளம்பர இடைவேளை.

மறுவாரம் மறுபடி கூப்பிட்டார்கள். வண்டிச் செலவாவது உண்டா என்று கேட்டேன். "ஊருக்கெல்லாம் தெரிஞ்ச முகமாயிடுவீங்க சார்" என்றார்கள். சரி என்று போனேன், இந்த முறை ஒரே ஒரு சாவடிக் கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டு.