சாய்ந்து நின்ற ஜெல்

“சார், ஜெல் சாய்ந்து நிற்கிறது. ஒரு பக்கம் ரத்தம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மறுபடி ஒருமுறை சுற்றட்டுமா?”

“இன்னொரு ஐந்து நிமிடம் ஓட்டிவிடு அம்மா.”

பேச்சு இவ்வளவுதான். அழைத்தவள் எங்கள் லேபின் கலெக்‌ஷன் சென்டரில் ரத்தம் எடுத்து, டியூபை சென்ட்ரிபியூஜ் மிஷினில் சுற்றி மெயின் லேபுக்கு அனுப்பும் பெண். சுற்றியதும் டியூபிலுள்ள ஜெல் நடுவில் நின்று, கீழே செல்லையும் மேலே சீரம் என்ற தெளிந்த நீரையும் பிரித்து வைக்க வேண்டும். காலை பத்தரை மணி. என் எதிரே ரத்தத்தைச் சோதிக்கும் அனலைசரில் கண்ட்ரோல் (மிஷின் சரியாக அளக்கிறதா என்று பார்க்கும் மாதிரி) ஓடிக்கொண்டிருந்தது, சோடியம் வரம்பை விட்டு வெளியே போயிருந்தது. ஃபோனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு பதில் சொன்னேன். “சரி சார்” என்று சொல்லி வைத்துவிட்டாள். இரண்டு வருடம் ஆகப்போகிறது. அவளுடைய கேள்வி முழுசாக நினைவில் இருக்கிறது. பதில் சொன்னபோது நான் என்ன நினைத்தேன் என்பதுதான் நினைவில் இல்லை. எதையும் நினைக்கவில்லை என்பதுதான் உண்மையாக இருக்கும்.

அந்த டியூபில் பொட்டாசியம் 6.2 வந்தது, இருக்க வேண்டியதைவிட மிக அதிகம். எழுபதைத் தாண்டிய பெரியவர், ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். அந்த வகை மாத்திரைகளில் சில பொட்டாசியத்தை ஏற்றும் என்பதால் 6.2 நம்பும்படியான எண்ணாகவே தெரிந்தது. சீரம் வைக்கோல் நிறத்தில் தெளிவாக இருந்தது. செல் உடைந்திருந்தால் இளஞ்சிவப்பு ஏறியிருக்கும், நாங்கள் உஷாராகியிருப்போம். செல் உடையாமலே பொட்டாசியம் மட்டும் கசியும்போது நிறம் மாறாது. ரிப்போர்ட் போனது. மருத்துவர் பயந்து, பெரியவரை உடனே மருத்துவமனையில் சேர்க்கச் சொன்னார். அங்கே ஈசிஜியில் ஒன்றும் இல்லை. மாலையில் எடுத்த ரத்தத்தில் பொட்டாசியம் 4.4. ஓர் இரவு தீவிர சிகிச்சைப் பிரிவில் வயர்களோடு படுத்திருந்துவிட்டு மறுநாள் வீட்டுக்குப் போனார். உயிருக்கு ஒன்றுமில்லை. பில் மட்டும் வந்தது.

அடுத்த வாரம் எங்கள் டாக்டர் கூட்டம் போட்டார். கலெக்‌ஷன் சென்டரிலிருந்து அவளும் வந்திருந்தாள். “என்ன ஆயிற்று?” என்று பொதுவாகத்தான் கேட்டார். நான் முந்திக்கொண்டு சொன்னேன்: “அங்கே இருப்பது ஃபிக்ஸட் ஆங்கிள் ரோட்டர் டாக்டர். ஜெல் டியூபுக்கு அது ஏற்றதில்லை. ஸ்விங் அவுட் வேண்டும் என்று நான் ஆரம்பத்திலேயே கேட்டேன்.”

ரோட்டர் என்பது மிஷினுக்குள் டியூபைப் பிடித்துச் சுற்றும் பாகம். ஃபிக்ஸட் ஆங்கிளில் டியூப் சாய்ந்தே இருக்கும், ஸ்விங் அவுட்டில் சுற்றும்போது எழும்பிப் படுக்கும். நான் கேட்டது உண்மை. கொடேஷன் வாங்கி மேசையில் வைத்ததும் உண்மை. ஸ்விங் அவுட் மிஷின் இரண்டு மடங்குக்கு மேல் விலை, இடமும் அதிகம் அடைக்கும். ஒரு நாளைக்கு முப்பது டியூப் வருகிற சென்டருக்கு இது எதற்கு என்று நிர்வாகம் எட்டு டியூப் பிடிக்கிற சின்ன மிஷினை வாங்கியது. அந்தத் தாளில் நானும் கையெழுத்துப் போட்டேன். ஆகவே கூட்டத்தில் நான் பொய் சொல்லவில்லை. ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வருகிறேன்.

ரோட்டர் விஷயம் தெரியாதவன் அல்ல நான். படித்த காலத்தில் ரத்தத்தை ஃபைகால் என்ற அடர்ந்த திரவத்தின் மேல் மெதுவாக ஊற்றி, 400 ஜி விசையில் (பூமியின் ஈர்ப்பைப்போல் 400 மடங்கு) அரை மணிக்கு மேல் சுற்றி, பிரேக் போடாமல் தானாக நிற்கவிட்டு, நடுவில் மூட்டமாகத் தெரியும் வெள்ளணு வளையத்தைப் பிப்பெட்டில் உறிஞ்சி எடுத்திருக்கிறேன். ஃபைகாலின் அடர்த்தி 1.077 என்பது இன்றும் தூக்கத்தில் கேட்டாலும் வரும். அந்த வேலையை ஸ்விங் அவுட்டில்தான் செய்ய வேண்டும். ஒருமுறை ஸ்விங் அவுட் காலியில்லை என்று ஃபிக்ஸட் ஆங்கிளில் போட்டுப் பார்த்தோம். வளையம் சுவரோரமாக இழுபட்டு, மிஷின் நின்று டியூபை நிமிர்த்தியதும் கலங்கிப்போனது. பேராசிரியர் திட்டவில்லை, சிரித்தார்.

திருவிழா ராட்டினத்தில் சங்கிலியில் தொங்கும் நாற்காலிகளைப் பார்த்திருப்பீர்கள். சுற்றாதபோது நேராகத் தொங்கும், வேகம் பிடித்ததும் வெளிப்பக்கம் எழும்பிப் படுத்துக்கொள்ளும். ஸ்விங் அவுட் பக்கெட் அதேதான். டியூபின் அடிப்பாகம் விசை போகிற திசையிலேயே இருப்பதால் சிவப்பணு நேராக அடிக்குப் போகிறது, ஜெல் அதன் மேல் மட்டமாக, மூடி போட்ட மாதிரி உட்காருகிறது. ஃபிக்ஸட் ஆங்கிளில் டியூப் ஒரே சாய்வில் துளைக்குள் உட்கார்ந்திருக்கும். செல்கள் முதலில் வெளிச்சுவரில் மோதும், பிறகுதான் சுவரோடு வழுக்கி அடிக்கு இறங்கும். ஜெல்லும் சாய்வாகவே உறையும். வெளியே எடுத்து நிமிர்த்தினால் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் நிற்கும். அந்த மெலிந்த பக்கத்தில்தான் வினை.

அதற்காக ஃபிக்ஸட் ஆங்கிளை மட்டமான ரோட்டர் என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன். பாக்டீரியாவை வேகமாக அடியில் கட்டியாக்க வேண்டும் என்றால் அதுதான் கெட்டிக்கார ரோட்டர். செல் போக வேண்டிய தூரம் குறைவு, அதிக வேகமும் தாங்கும். ஜெல் டியூபுக்கும் அது தடைசெய்யப்பட்டதல்ல. டியூப் தயாரிப்பவர்களே 1000 முதல் 1300 ஜி, ஸ்விங் அவுட்டில் 10 நிமிடம், ஃபிக்ஸட் ஆங்கிளில் 15 நிமிடம் என்று இரண்டுக்கும் கணக்குக் கொடுக்கிறார்கள். அந்தக் கூடுதல் ஐந்து நிமிடம் சும்மா கொடுத்ததில்லை.

இனி நான் சொல்லாமல் விட்ட பகுதி.

அந்தச் சின்ன மிஷினின் மூடியில் ஒரு ஸ்டிக்கர் இருந்தது. “2500 ஆர்பிஎம், 10 நிமிடம்.” ஆர்பிஎம் என்றால் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது. சிவப்பு மார்க்கரில், என் கையெழுத்து. மிஷின் வந்திறங்கிய அன்று நானே போய் நிறுவி, எழுதி ஒட்டிவிட்டு வந்தேன். மெயின் லேபின் பெரிய மிஷினில் ஒட்டியிருந்ததை அப்படியே பார்த்து எழுதினேன்.

பெரிய மிஷினின் ஆரம் 16 சென்டிமீட்டர். சின்னதன் ஆரம் 8. சுற்று எண்ணிக்கையை விசையாக மாற்றும் கணக்கு எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும்: 1.118-ஐ ஒரு லட்சத்தால் வகுத்து, அதை சென்டிமீட்டரில் ஆரத்தாலும் ஆர்பிஎம்மின் வர்க்கத்தாலும் பெருக்க வேண்டும். பெரியதில் 2500 என்றால் 1118 ஜி. சின்னதில் அதே 2500 என்றால் 559 ஜி. பாதி! பாதி விசை, அதுவும் சாய்ந்த ரோட்டரில், அதுவும் 15-க்குப் பதில் 10 நிமிடம். 3500 என்று எழுதியிருந்தால் 1095 வந்திருக்கும். ஜெல் சாய்வாகத்தான் நின்றிருக்கும், ஆனாலும் நின்றிருக்கும்.

இந்தக் கணக்கைக் கூட்டம் முடிந்த அன்றிரவு பழைய ரிக்விசிஷன் படிவத்தின் பின்பக்கம் போட்டேன். கூட்டத்துக்கு முன்பு போட்டிருந்தால் சொல்லியிருப்பேனா? சொல்லியிருப்பேன் என்றே பல நாள் நம்பினேன். இப்போது அவ்வளவு உறுதியில்லை. ஏனென்றால் மறுநாள் காலையில் டாக்டர் அறையில்தான் இருந்தார், கதவும் திறந்துதான் இருந்தது.

ஸ்டிக்கர் ஒருபுறம். அதைவிட என்னை அரிப்பது அந்த ஐந்து நிமிடம்தான். ஜெல் டியூபை இரண்டாம் முறை சுற்றக் கூடாது. ஜெல்லுக்குக் கீழே செல்லோடு சிக்கியிருக்கும் கொஞ்சம் சீரத்தில் நேரமாக ஆகப் பொட்டாசியம் ஊறிக்கொண்டே இருக்கும். சிவப்பணுவுக்குள் பொட்டாசியம் வெளியே இருப்பதைப்போல் இருபது மடங்குக்கு மேல். மறுபடி சுற்றினால் அந்த ஊறல் மேலே வந்து நல்ல சீரத்தோடு கலந்துவிடும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதை முதல் வாரமே நான்தான் சொல்லிக்கொடுப்பேன். அவளுக்கும் சொல்லிக்கொடுத்தேன். அதனால்தான் அவள் கேட்டாள். தெரியாமல் கேட்கவில்லை. சொல்லிக்கொடுத்தவன் வேண்டாம் என்பான் என்று எதிர்பார்த்துக் கேட்டிருக்கிறாள்.

இன்னொன்று. “முதலில் எத்தனை மணிக்குச் சுற்றினாய்?” என்று நான் கேட்கவில்லை. எட்டு மணிக்குச் சுற்றி ஃபிரிட்ஜில் வைத்ததை, பத்தரைக்கு வண்டிக்காரரிடம் கொடுக்கப் பெட்டியில் அடுக்கும்போதுதான் கவனித்திருக்கிறாள். இரண்டரை மணி நேரம் குளிரில். பிரிந்த சீரத்துக்குக் குளிர் நல்லது. பிரியாத செல்லுக்கு ஆகாது. பொட்டாசியத்தை உள்ளே பிடித்து வைக்கிற பம்ப் குளிரில் சோர்ந்துவிடும். சுற்றிய கையோடு பார்த்திருக்கக் கூடாதா என்று அவள்மேல் எனக்குக் கோபம் வந்தது உண்டு. ஒரே ஆள் ரத்தமும் எடுத்து, பில்லும் போட்டு, ஃபோனையும் எடுக்கிற இடத்தில் அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

கூட்டத்தில் அவள் வாயே திறக்கவில்லை. நான் ரோட்டரைப் பற்றிப் பேசி முடித்தபோது என்னை ஒரு தடவை பார்த்தாள். குற்றம் சாட்டுகிற பார்வை என்று எழுதினால் எனக்கு வசதியாக இருக்கும். அப்படி இல்லை. இன்னும் ஏதோ சொல்லப்போகிறேன் என்று காத்திருப்பவள் போலத்தான் பார்த்தாள். வெளியே வந்ததும், படிக்கட்டில், “சார், இரண்டாவது தடவை சுற்றியது தப்பா?” என்று கேட்டாள். நான் மறுபடியும் ரோட்டரைப் பற்றி விளக்கினேன். கையைச் சாய்த்து, டியூப் எப்படி உட்காரும் என்றெல்லாம் காட்டி விளக்கினேன். அவள் தலையாட்டினாள். நாலு மாதம் கழித்து வேலையை விட்டுப் போனாள். காரணம் கல்யாணம். அதற்கும் இதற்கும் முடிச்சுப் போடுவது எனக்கு நானே கொடுத்துக்கொள்கிற முக்கியத்துவம்தான்.

பயிற்சி வகுப்புகளில் 1998 டிசம்பரில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மிக அதிவேகமாகச் சுற்றும் அல்ட்ரா சென்ட்ரிபியூஜின் ரோட்டர் உடைந்து சிதறிய படத்தைக் காட்டுவார்கள். மிஷின் நொறுங்கி, அதிர்வலையில் அறையின் ஜன்னல்கள் பெயர்ந்துபோயிருக்கும். அதைப் பார்த்த பயத்தில் எதிரெதிரே பேலன்ஸ் டியூப் வைக்க ஒருவரும் மறப்பதில்லை. மிஷின் லேசாக உதறினாலே ஓடிவந்து நிறுத்துகிறோம். எங்கள் மிஷின் அன்று உதறவில்லை. அழகாகச் சுற்றி, அழகாக நின்று, பீப் அடித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரும் இல்லாதபோது, என் கையிலிருந்தே மூன்று டியூப் ரத்தம் எடுத்துப் பார்த்தேன். அரை மணி உறையவிட்டேன். பெரிய மிஷினில் ஒழுங்காகச் சுற்றியதில் 4.1. சின்னதில் 3500, 15 நிமிடம்: அதுவும் 4.1. மூன்றாவதை ஸ்டிக்கர்படி சுற்றி, இரண்டரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து, ஐந்து நிமிடம் மறுபடி ஓட்டினேன். 4.9.

அந்த எண்ணைப் பார்த்து முதலில் வந்தது நிம்மதி என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. 4.1 எங்கே 4.9 எங்கே, கூடியது 0.8. பெரியவருக்குக் கூடியது 1.8. மீதி ஒன்று எங்கிருந்து வந்தது? பட்டை கட்டியபின் கையை மூடி மூடித் திறக்கச் சொல்லியிருப்பாள், அதிலேயே ஒன்று ஏறக்கூடும். வண்டிக்காரர் பெட்டியை வெயிலில் வைத்திருக்கலாம். பெரியவரின் செல்கள் என்னுடையதைவிட நலிந்தவையாக இருக்கலாம். ஒரு கை ரத்தம், ஒரு நாள், மூன்று டியூப்: இதை ஆய்வு என்று ஒரு மாணவன் கொண்டுவந்தால் நானே தூக்கி எறிவேன். ஆனால் அன்று மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டேன். ரோட்டரைக் குற்றம் சொன்ன என் பேச்சை இரண்டாவது டியூப் பொய்யாக்கிவிட்டது என்பதை அப்போது கவனிக்கவில்லை. கவனித்தேன். பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சென்டருக்குப் புது ஸ்விங் அவுட் மிஷின் வந்துவிட்டது. கூட்டத்தில் நான் பேசியதன் பலன் என்று டாக்டர் பாராட்டினார். ஸ்டிக்கரில் இப்போது ஜி கணக்கும் எழுதியிருக்கிறேன். ஜெல் சரியில்லாத டியூப்கள் குறைந்திருக்கின்றன. ஆகவே ரோட்டர்தான் காரணம் என்று நான் சொன்னது தப்பில்லையோ என்று தோன்றுகிற நாட்களும் உண்டு.

போன மாதம் அங்கே புதிதாகச் சேர்ந்த பையன் ஃபோன் செய்தான். “சார், ஒரு டியூபில் ஜெல் ஒழுங்காக நிற்கவில்லை. நடுவில் நூல் நூலாக ஏதோ தெரிகிறது. மறுபடி சுற்றட்டுமா?”

“ரத்தம் எடுத்து எத்தனை நிமிடத்தில் சுற்றினாய்?”

“பத்து நிமிடம் இருக்கும் சார். கூட்டமாக இருந்தது.”

உறையவே விடவில்லை. அதற்கு எந்த ரோட்டர் என்ன செய்யும்? “சுற்றாதே. வேறு ரத்தம் எடு” என்றேன்.

“பாட்டி பஸ் ஏறிவிட்டார் சார். கிராமம். இனிமேல் நாளைக்குத்தான் வர முடியும்.”

நான் பேசாமல் இருந்தேன். அவனும் காத்திருந்தான். “நாளைக்கே எடு” என்று சொல்லி வைத்தேன். சாயங்காலம் பாட்டியின் மகன் என் நம்பரை வாங்கி அழைத்தார். ஒரு நாள் கூலி போயிற்று, பஸ் செலவு யார் கொடுப்பது, ரத்தம் எடுக்கத் தெரியாதவர்களை ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். நான் ஸ்விங் அவுட் பற்றியெல்லாம் ஒன்றும் சொல்லவில்லை.