மரக் கடிகாரம்: பூட்டி முடித்த பிறகு

நாமே பூட்டிக்கொள்ளும்படி தனித்தனிப் பாகங்களாக, கிட்டாக விற்கப்படும் மரக் கடிகாரங்களில் பலவும் மேசையில் வைத்துப் பார்ப்பதற்கானவை. சில, ரப்பர் பட்டையின் முறுக்கில் சற்று நேரம் ஓடிவிட்டு நின்றுவிடும். வேறு சிலவற்றில் அழகான மரச் சக்கரங்களுக்குப் பின்னால் ஒரு பேட்டரி இயந்திரம் ஒளிந்திருந்து உண்மையான வேலையைச் செய்யும். எனக்கு வேண்டியிருந்தது எடையின் இழுப்பில் ஓடி, ஊசலால் கட்டுப்பட்டு, நாள் முழுவதும் மணி காட்டும் சுவர்க் கடிகாரம். அப்படிப்பட்ட கிட் ஒன்றை ஐரோப்பாவிலிருந்து வரவழைத்துச் சென்னையில் உள்ள என் வீட்டில் பூட்டினேன். லேசரால் வெட்டப்பட்ட பர்ச் பிளைவுட் தகடுகள், எஃகுக் கம்பியாலான அச்சுகள், அச்சுமுனைகளைத் தாங்கும் சிறு பித்தளை வளையங்கள் (புஷ்கள்), கயிறு, மரத்தாலான ஊசல் தண்டு, எடைக்காக நாமே இரும்புக் குண்டுகளால் நிரப்பிக்கொள்ள வேண்டிய ஒரு வெற்றுக் குழாய், படங்கள் நிறைந்த ஒரு கையேடு ஆகியவை பெட்டிக்குள் இருந்தன. கையேட்டைப் பின்பற்றிப் பூட்டுவது பொறுமை உள்ள எவராலும் முடிகிற வேலை என்பதால் அதைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. பூட்டி முடித்த பொருள் கடிகாரம் போல இருக்கும். அதை ஓட வைப்பது தனி வேலை, அது கையேட்டின் கடைசிப் பக்கத்துக்குப் பிறகுதான் தொடங்குகிறது.

முதலில் கணக்கு. சக்கரங்களை ஒவ்வொரு பல்லாக விட்டுவிட்டு நகரவிடும் எஸ்கேப்மென்ட் எனப்படும் பகுதியில் 30 பற்கள் கொண்ட எஸ்கேப் சக்கரமும், அதன் மேல் நங்கூர வடிவில் அசையும் ஒரு துண்டும் உள்ளன. ஊசல் ஒருமுறை போய்த் திரும்ப 2 விநாடி ஆகிறது. அதற்குள் நங்கூரம் ஒரு பல்லை விடுவிக்கிறது. ஆகவே 30 பல் சக்கரம் சரியாக ஒரு நிமிடத்தில் ஒரு சுற்றை முடிக்கிறது; விநாடி முள்ளை அதன் அச்சிலேயே மாட்டிவிடலாம். நிமிட முள்ளின் அச்சில் உள்ள 64 பல் சக்கரம் பினியன் எனப்படும் 8 பல் கொண்ட ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்ற, அந்தப் பினியனின் அச்சில் உள்ள 60 பல் சக்கரம் எஸ்கேப் சக்கரத்தின் அச்சில் உள்ள இன்னொரு 8 பல் பினியனைச் சுழற்றுகிறது. எட்டு மடங்கு, பிறகு ஏழரை மடங்கு. இரண்டையும் பெருக்கினால் 60. மணி முள்ளுக்கு மூன்று மடங்கும் நான்கு மடங்குமாக இரண்டு படிகளில் வேகம் குறைந்து, 12 மணி நேரத்துக்கு ஒரு சுற்று கிடைக்கிறது. இந்தப் பல்லெண்ணிக்கைகள் தரையில் நிற்கும் உயரமான பழைய நெடுங்கடிகாரங்களிலிருந்து அப்படியே வருபவை.

இதே கணக்குக்கு ஒரு மறுபக்கம் உண்டு. எஸ்கேப் சக்கரம் நிமிட அச்சைவிட 60 மடங்கு வேகமாகச் சுழல்கிறது என்றால், அதற்குக் கிடைக்கும் திருப்புவிசை 60 மடங்கு குறைந்துவிடுகிறது என்று பொருள். எடை 2 கிலோ. அது ஒரு நாளில் சுமார் ஒரு மீட்டர் இறங்குகிறது. அதனால் கிடைக்கும் ஆற்றல் ஏறத்தாழ 20 ஜூல், அதாவது ஒரு வாட் விளக்கை 20 விநாடி எரிக்கப் போதுமான அளவு. அதை 24 மணி நேரத்துக்குப் பங்கிட்டால் ஒரு மில்லிவாட்டில் கால்பங்குக்கும் குறைவாகவே வருகிறது. உலோகக் கடிகாரத்துக்கு இது தாராளம். மரத்தில், பற்களின் உராய்வும் அச்சுகளின் உராய்வும் தின்றது போக மீதிதான் ஊசலுக்குப் போய்ச் சேர வேண்டும். எடையைக் கூட்டினால் தீர்ந்துவிடாதா என்று தோன்றும். கூட்டினால் பற்கள் ஒன்றையொன்று அழுத்தும் விசையும் சேர்ந்தே கூடும். சீர்கெட்ட பல் சீர்கெட்டதாகவே இருக்க, தேய்மானம் மட்டும் வேகமாகும். உராய்வைக் குறைப்பதே வழி.

எஸ்கேப் சக்கரத்தின் அச்சில் உள்ள சிறு இறுக்கம், நிமிடச் சக்கரத்தில் உள்ள அதே இறுக்கத்தைப்போல 60 மடங்கு கெடுதல் செய்யும் என்பதால், வேலையை அந்த முனையிலிருந்தே தொடங்கினேன். முன்பலகைக்கும் பின்பலகைக்கும் இடையே ஒரே ஒரு சக்கரத்தை மட்டும் மாட்டி, வாயால் மெல்ல ஊதினால் அது சுழல வேண்டும். சுழன்று நிற்கும்போது ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் நிற்க வேண்டும். எப்போதும் ஒரே பக்கம் கீழே வந்து நின்றால் அந்தப் பக்கம் கனம் அதிகம். சக்கரத்தின் ஆரக்கால்களில் அந்தப் பக்கம் சற்று இழைத்துவிட வேண்டும். அச்சுக்கு முன்னும் பின்னும் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு ஆட்டம் இருக்க வேண்டும். தனியாகத் தேறிய பிறகே அடுத்த சக்கரத்தைச் சேர்த்து, இரண்டும் சேர்ந்து எப்படிச் சுழல்கின்றன என்று பார்க்க வேண்டும். அலுப்பூட்டும் வேலைதான், ஆனால் எல்லாவற்றையும் மொத்தமாகப் பூட்டிவிட்டு எங்கே சிக்குகிறது என்று தேடுவது இதைவிடப் பல மடங்கு அலுப்பு.

லேசர் வெட்டு துல்லியமானது என்று சொல்வார்கள். அளவில் அது உண்மை. ஆனால் வெட்டப்பட்ட விளிம்பு கருகிப்போய் இருக்கும், நுண்ணிய கரித்தூள் ஒட்டியிருக்கும், கதிர் நுழைந்த பக்கத்துக்கும் வெளியேறிய பக்கத்துக்கும் இடையே விளிம்பில் மெல்லிய சரிவும் இருக்கும். ஒவ்வொரு பல்லின் இரு கன்னங்களிலும் நைஸான உப்புத்தாளை ஒரு தட்டைக் குச்சியில் ஒட்டி இரண்டு மூன்று இழுப்பு இழுத்தாலே போதும். அதற்கு மேல் போனால் பல்லின் வடிவம் கெடும். பிறகு பழைய டூத் பிரஷ்ஷால் தூசியைத் துடைத்துவிட வேண்டும். எண்ணெய் மட்டும் கூடாது. மரம் எண்ணெயைக் குடித்து ஊறும், தூசியை ஈர்க்கும், சில மாதங்களில் பிசுபிசுப்பாகிச் சக்கரத்தையே பிடித்துக்கொள்ளும். பித்தளை புஷ்ஷுக்குள் எஃகு அச்சு சுழலும் இடத்தில் சிறிது கிராஃபைட் தூளைத் தொட்டு வைத்தேன். மரப் பற்களை ஒன்றும் பூசாமல் உலர்வாகவே விட்டேன்.

எண்ணெய் இல்லாமல் மரக் கடிகாரம் ஓடுமா என்ற சந்தேகத்துக்கு ஜான் ஹாரிசன் என்ற ஆங்கிலத் தச்சர் 300 ஆண்டுகளுக்கு முன்பே விடை சொல்லிவிட்டார். கடலில் தீர்க்கரேகையைக் கண்டறிய உதவிய கடிகாரத்தைச் செய்தவராகவே அவரைப் பலருக்கும் தெரியும். ஆனால் அவர் தொடங்கியது மரத்தில்தான். 1713இல், 20 வயதில், அவர் செய்த கடிகாரத்தின் சக்கரங்கள் ஓக் மரத்தாலானவை. மரம் இழையின் நீளவாக்கில் ஏறக்குறைய மாறாது, குறுக்குவாக்கில்தான் ஈரத்துக்கு ஏற்பப் பருக்கும், சுருங்கும் என்பதை அறிந்து, பற்களைச் சிறு துண்டங்களாக, இழை மையத்திலிருந்து வெளிநோக்கிப் போகும்படி வெட்டிப் பதித்தார். ஏறத்தாழ 1722இல் பிராக்கில்ஸ்பி பார்க் என்ற பண்ணையின் குதிரை லாயத்துக்கு அவர் செய்த கடிகாரத்தில், தன்னிடத்திலேயே எண்ணெய்ப்பசை கொண்ட லிக்னம் வீட்டே என்ற மரத்தை உராயும் இடங்களில் வைத்ததால், அதற்கு வெளியிலிருந்து எண்ணெயே தேவைப்படவில்லை. இழையின் திசை பார்த்துப் பற்களைப் பதித்த வேலையை இன்றைய கிட்டுகளில் பிளைவுட் ஓரளவு செய்துவிடுகிறது: ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டப்பட்ட ஏடுகள் ஒன்றையொன்று கட்டுப்படுத்துவதால் சக்கரம் நீள்வட்டமாகாமல் வட்டமாகவே இருக்கிறது. ஒரே மாதிரியான மரப் பாகங்களைக் குவியலாகச் செய்து யாரும் எதையும் எதோடும் பூட்டலாம் என்பதும் புதிதல்ல. அமெரிக்காவின் கனெக்டிகட்டில் ஈலை டெரி என்ற கடிகாரக்காரர் 1806இல் 4,000 மரக் கடிகார இயந்திரங்களைச் செய்து தர ஒப்பந்தம் போட்டு, நீர்விசையால் ஓடிய எந்திரங்களைக் கொண்டு அதை நிறைவேற்றினார்.

எல்லாம் பூட்டி, எடையை மாட்டி, ஊசலை ஆட்டிவிட்டால் கடிகாரம் ஓடும், பிறகு நிற்கும். எப்போது நிற்கிறது என்பதைக் குறித்துவைப்பதுதான் இங்கே மருத்துவம். ஒவ்வொரு மணியிலும் நிமிட முள் அதே இடத்துக்கு வரும்போது தடுமாறினால் கோளாறு 64 பல் சக்கரத்தில். ஏழரை நிமிடத்துக்கு ஒருமுறை தடுமாறினால் 60 பல் சக்கரம் உள்ள நடு அச்சில். ஏழரை என்றாலே நமக்கு ஒரு கலக்கம் உண்டு என்றாலும், கடிகாரத்தில் அது நல்ல செய்தி, இடம் தெரிந்துவிடுகிறது. கால் மணி நேரத்துக்கு ஒருமுறை என்றால் இன்னும் நுட்பம்: 60 பல் சக்கரத்தின் ஒரு குறிப்பிட்ட பல்லும் அடுத்த பினியனின் ஒரு குறிப்பிட்ட பல்லும் சக்கரத்தின் இரண்டு சுற்றுகளுக்கு ஒருமுறைதான் சந்திக்கும், அந்த இரண்டுக்கும் இடையில்தான் சிக்கல். சந்தேகப்பட்ட பற்களில் வண்ணப் பென்சிலால் குறியிட்டுவிட்டு, அடுத்து நிற்கும்போது குறிகள் எங்கே இருக்கின்றன என்று பார்த்தால் போதும்.

இன்னொரு வகை நிறுத்தத்துக்குப் பற்களோடு தொடர்பே இல்லை. காது கொடுத்துக் கேட்டால், ‘டிக்’குக்கும் ‘டொக்’குக்கும் இடைவெளி சமமாக இருக்க வேண்டும். ஒன்று குறுகி மற்றது நீண்டால், நங்கூரம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பக்கம் ஊசலுக்குப் போதிய உந்துதல் கிடைக்காமல் வீச்சு மெல்லக் குறைந்து நின்றுவிடும். கடிகாரத்தை ரசமட்டம் வைத்து நேராக மாட்டியிருந்தாலும் இது வரலாம், ஏனென்றால் நேராக இருக்க வேண்டியது பலகை அல்ல, நங்கூரத்தையும் ஊசலையும் இணைக்கும் கவைக்கம்பி. அதைச் சற்றே வளைத்து ஒலியைச் சமன்செய்த பிறகுதான் என் கடிகாரம் முதல்முறையாக ஓர் இரவு முழுவதும் ஓடியது.

பிறகு வந்தது விடிகாலை நிறுத்தம். எடை ஏறக்குறைய தரைக்கு வந்து, கயிற்றின் நீளம் ஊசலின் நீளத்துக்குச் சமமாகும்போது, எடையும் தானாகவே மெல்ல ஆடத் தொடங்கும். ஊசலின் ஆற்றல் எடையின் ஆட்டத்துக்குப் போய்விடும். நெடுங்கடிகாரக்காரர்கள் நன்கு அறிந்த தொல்லை இது. மாட்டியிருக்கும் பலகை துளியளவு அசைவதால்தான் அந்த ஆட்டம் எடைக்குக் கடத்தப்படுகிறது. ஒற்றை ஆணியில் தொங்கவிடாமல், சுவரில் துளையிட்டு நான்கு மூலையிலும் திருகாணியால் இறுக்கியதும் அது போயிற்று. சீலிங் ஃபேனுக்கு அப்படி எளிய வைத்தியம் இல்லை. ஒரு மீட்டர் ஊசலுக்கு அந்தக் காற்று பெரிய இடைஞ்சல். ஃபேன் இல்லாத நடைபாதைச் சுவருக்குக் கடிகாரத்தை மாற்றினேன்.

ஓடத் தொடங்கிய கடிகாரம் சரியான மணி காட்டுகிறதா என்பது அடுத்த கேள்வி. இந்த வேலை முழுவதிலும் எனக்கு மிகப் பிடித்த பகுதி அதுதான். ஊசல் தண்டின் கீழ்ப்பகுதியில் ஆடும் குண்டை நிறுத்த ஒரு கோடு போடப்பட்டிருந்தது. அந்தக் கோட்டில் வைத்தபோது கடிகாரம் நாளுக்கு ஏறத்தாழ இரண்டு நிமிடம் பின்தங்கியது. ஊசலின் வேகம் அதன் நீளத்தை மட்டுமல்ல, புவியீர்ப்பையும் பொறுத்தது. புவியீர்ப்போ துருவத்திலிருந்து நிலநடுக்கோட்டை நோக்கி வர வரக் குறைகிறது. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக ஒரு விநாடி எடுக்கும் ஊசலுக்கு விநாடி ஊசல் என்று பெயர். ஐரோப்பாவின் நடுப்பகுதியைப் போன்ற 50 பாகை அட்சத்தில் அதன் நீளம் 99.4 சென்டிமீட்டர், 13 பாகையில் உள்ள சென்னையில் 99.1. இந்த நீளத்தில் ஒரு மில்லிமீட்டர் வேறுபாடு நாளுக்கு 43 விநாடிக்குச் சற்று மேல். ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டருக்கு இரண்டு நிமிடம். ஊசல் கடிகாரத்தை டச்சு அறிவியலாளர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் 1656இல் உருவாக்கி 16 ஆண்டுகளே ஆகியிருந்தபோது, 1672இல் தென் அமெரிக்காவின் கயேனுக்குப் போன ழான் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலாளர், பாரிஸில் சரியாக ஓடிய கடிகாரம் அங்கே நாளுக்கு இரண்டரை நிமிடம் பின்தங்கியதைக் கண்டார். பூமி துருவங்களில் தட்டையானது என்று வாதிட்ட நியூட்டனுக்கு அது ஒரு சான்றாயிற்று.

நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. நுங்கம்பாக்கத்தில் இருந்த மதராஸ் வானாய்வகத்தின் வானியலாளர் ஜான் கோல்டிங்ஹாம், 1821இல் இங்கே விநாடி ஊசலின் நீளத்தை அளந்து லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். அந்த வானாய்வகத்தின் கருங்கல் தூண் இன்றும் நுங்கம்பாக்கத்தில் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. குண்டுக்குக் கீழே உள்ள திருகை ஒவ்வொரு நாளும் சிறிது சிறிதாக ஏற்றி, இணையவழி நேரத்தோடு ஒப்பிட்டு, அவர் அளந்த அதே நீளத்தை நானும் என் சுவரில் தேடிக்கொண்டிருந்தேன் என்பது பின்னர்தான் உறைத்தது.

மரத் தண்டு இங்கே குறை அல்ல, வசதி. எஃகுத் தண்டாக இருந்தால் 10 பாகை செல்சியஸ் வெப்பம் கூடும்போது நாளுக்கு ஐந்து விநாடி பின்தங்கும். மரம் இழைவாக்கில் வெப்பத்துக்கு அதைவிட மிகக் குறைவாகவே நீளும். மரத்தின் எதிரி ஈரம். ஐப்பசி மழை தொடங்கியதும் அச்சுத் துளைகளைச் சுற்றியுள்ள பிளைவுட் பருத்து இரண்டு புஷ்கள் இறுகின. அவற்றைக் கழற்றித் துளையைச் சற்று அகலப்படுத்த வேண்டியிருந்தது. சக்கரங்களின் முகப்பிலும் ஊசல் தண்டு முழுவதிலும் ஷெல்லாக் பாலிஷ் மெல்லியதாக இரண்டு கோட் அடித்தேன், பற்களின் கன்னங்களை மட்டும் தவிர்த்து. இப்போது நாளுக்கு அரை நிமிடத்துக்குள் ஓடுகிறது. மழை நாட்களில் சற்றுப் பின்தங்குகிறது. அடுத்து எஸ்கேப்மென்ட்டை மாற்ற எண்ணம். இப்போதிருக்கும் நங்கூரத்தில் ஒவ்வொரு அசைவிலும் விநாடி முள் இம்மியளவு பின்னுக்குப் போய் வருகிறது. ஆங்கிலக் கடிகாரக்காரர் ஜார்ஜ் கிரஹாம் 1715 வாக்கில் பயன்படுத்திய வடிவத்தில் அந்தப் பின்னடைவு இல்லை. அதன் முனைகளைப் பித்தளைத் தகட்டில் வெட்டி மரத்தில் பதிக்கலாமா என்று காகிதத்தில் வரைந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.